தீவாந்தரம் போனவருக்கும் ஒரு பெயர் உண்டு

விருதுநகரில் சிறுவயதில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பணிபுரிகிறார். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டும் லேபிள்களையும், ஆண்டுதோறும் நாட்காட்டிகளையும் அடிக்கும் அச்சகம் அது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப்பின் அவர் என்னைச் சந்தித்துத் தம் குடும்ப வரலாற்றை எழுத எண்ணியிருப்பதாகக் கூறினார்.

"எங்கள் அத்தாவின் பாட்டனாருக்குப் பாட்டனார் பினாங்குக்குப் போனவர் என்று வீட்டில் சொல்லுவார்கள், ஹஜ்ரத். வணிகத்துக்குப் போனார் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். விலங்கு பூட்டித் தீவாந்தரம் அனுப்பப்பட்டவர் என்று பெரியத்தா இப்போது சொல்லுகிறார். தேடிப் பார்க்கவேண்டும் என்கிறேன் நான். தேடவே கூடாது என்கிறார் அத்தா. நீங்கள்தாம் ஒரு முடிவு சொல்லவேண்டும்" என்றார்.

தந்தையின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. மகளுக்கு மணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பெண் வீட்டில் கைதி ஒருவர் இருந்தார் என்ற சொல் வெளியே போனால் என்ன ஆகுமோ என்று அவர் அஞ்சினார். மகனின் ஆர்வத்துக்கும் காரணம் இருந்தது. 1802-ஆம் ஆண்டில் பினாங்குக்குக் கடத்தப்பட்ட போராளிகளைப் பற்றி அவர் எங்கோ படித்திருந்தார். தம் முன்னோரும் அவர்களுள் ஒருவராக இருக்கலாம் என்ற நம்பிக்கை அவர் கண்களில் ஒளிவிட்டது.

அந்த வரலாறு நம் பகுதியினர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின், பாஞ்சாலங்குறிச்சியும் சிவகங்கையும் இராமநாதபுரமும் திண்டுக்கல்லும் ஒன்றுசேர்ந்து கும்பினியாரை எதிர்த்தன. 1801 ஜூன் 16-இல் மருது சகோதரர்களின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 24-இல் அவ்விருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். எஞ்சியோருள் எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரி 11-இல் தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். சிவகங்கை மன்னர் வேங்கன் பெரிய உடையத் தேவரும், சின்ன மருதுவின் இளைய மகன் துரைச்சாமியும் அவர்களுள் அடங்குவர். அப்பட்டியலில் தளவாய் மாடசாமி நாயக்கர் என்ற பெயரும் உண்டு, ஜெகநாத ஐயர் என்ற பெயரும் உண்டு, ஷேக் உசேன் என்ற பெயரும் உண்டு. ஒரே விலங்குச் சங்கிலி பல குலத்தாரையும் சமயத்தாரையும் பிணைத்திருந்தது.

துரைச்சாமிக்கு அப்போது ஏறத்தாழப் பதினைந்து வயது. அவரைப் பற்றிய செய்தி நமக்குக் கிடைத்த வழி வியப்புக்குரியது. வெல்ஷ் என்ற ஆங்கிலத் தளபதி 1830-இல் இலண்டனில் தம் படைத்துறை நினைவுகளை வெளியிட்டார். தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று அதில் அவரே நன்றியுடன் எழுதுகிறார். அதே சின்ன மருதுவை வேட்டையாடிய படையிலும் அவர் இருந்தார். 1818-இல் பினாங்கில் துரைச்சாமியை அவர் மீண்டும் கண்டார். வயது முப்பதைச் சற்றே கடந்திருந்த துரைச்சாமி, உருக்குலைந்து முதியவரைப்போல நின்றார். பெயரைச் சொன்ன பின்னரே வெல்ஷுக்கு அடையாளம் தெரிந்தது. தேடிப் பிடித்தவர்களுள் ஒருவர் எழுதியதால்தான் பிடிபட்டவரின் இந்தக் காட்சி நம்மை வந்தடைந்திருக்கிறது.

மாணவரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். பின்னர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். அவருடைய அத்தா பிறந்தது 1955-ஐ ஒட்டி. ஒரு தலைமுறைக்கு முப்பது அல்லது முப்பத்தைந்து ஆண்டுகள் என்று வைத்துப் பின்னோக்கிச் சென்றால், அத்தாவின் பாட்டனாருக்குப் பாட்டனார் 1825-ஐ ஒட்டிப் பிறந்தவராக இருத்தல் வேண்டும். அவர் கடல் கடந்தது 1850-களில் ஆகலாம். 1802-ஆம் ஆண்டுக் கப்பல் புறப்பட்டபோது அவர் பிறந்திருக்கவே இல்லை.

1850-களில் சென்னை மாகாணத்திலிருந்து பினாங்குக்கும் மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டவர்களுள் மிகப் பலர் கொள்ளை, களவு, கொலை ஆகிய வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள். இதைக் கேட்டதும் மாணவரின் முகம் வாடிற்று. "அப்படியானால் வேண்டாம், ஹஜ்ரத். அத்தா சொல்லுவதே சரி" என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தந்தையும் மகனும் எதிரெதிர்க் கொள்கையினர் என்றே நான் எண்ணியிருந்தேன். உண்மையில் இருவர் கையிலும் ஒரே தராசுதான் இருந்தது. முன்னோர் தியாகி என்றால் சுவரில் மாட்டலாம். திருடர் என்றால் மண்ணில் புதைக்கலாம். தந்தை முதலிலேயே புதைத்தார். மகன் கணக்குப் பார்த்துப் புதைத்தார். இருவரும் தேட விரும்பியது பெருமையை. அந்த மனிதரை அன்று. லாபம் உண்டென்றால் வாங்குவோம், நட்டம் என்றால் விடுவோம் என்பது கடைவீதிக்குப் பொருந்தும். இரத்த உறவுக்கு அது பொருந்துமா?

இந்தக் கேள்வி நம்முடையது மட்டும் அன்று. ஆங்கிலேயர் தம் சொந்த மக்களையும் இவ்வாறே தீவாந்தரம் அனுப்பினர். 1788 முதல் 1868 வரை பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஏறத்தாழ 1,62,000 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கடத்தப்பட்டனர். கைக்குட்டை திருடியவரும் ஆடு திருடியவரும் அவர்களுள் இருந்தனர். சிறு களவுக்கு ஏழாண்டுத் தண்டனை என்பது வழக்கமான தீர்ப்பு. தண்டனைக் காலம் முடிந்தாலும் ஊர் திரும்பக் கப்பற்கூலி ஏது? பெரும்பாலோர் அங்கேயே தங்கிக் குடும்பம் கண்டனர்.

அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் என்ன செய்தார்கள்? மறைத்தார்கள். எங்கள் பாட்டனார் விரும்பிக் குடியேறியவர் என்று கூறிக்கொண்டார்கள். வான் டீமன் நிலம் என்று அழைக்கப்பட்ட தீவு, கைதிகள் வருகை 1853-இல் நின்றதும், அந்தப் பழம்பெயரே வேண்டாம் என்று 1856-இல் டாஸ்மேனியா ஆயிற்று. ஒரு நூற்றாண்டுக் காலம் இந்த மௌனம் நீடித்தது. பிறகு காற்றுத் திசைமாறிற்று. கைதியின் வழித்தோன்றல் என்பது இன்று அங்கே பெருமைக்குரிய செய்தி. எந்தக் கப்பல், எந்த நீதிமன்றம், எந்தக் களவு என்று குடும்பம் குடும்பமாகத் தேடுகின்றனர். அத்தீவின் கைதிப் பதிவேடுகளை 2007-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. உயரம், கண்ணின் நிறம், உடலில் உள்ள தழும்பு, தெரிந்த தொழில், பிறந்த ஊர் என எல்லாம் அவற்றில் எழுதப்பட்டிருக்கின்றன.

தேடுவது நல்லதே. ஆயினும் இந்தப் பெருமையைக் கண்டு மயங்கவும் கூடாது. கறை காய்ந்து நூறாண்டு ஆனபின் அது அலங்காரமாகிவிட்டது, அவ்வளவுதான். வெட்கப்பட்ட பேரனுக்கும் பெருமைப்படும் கொள்ளுப்பேரனுக்கும் முன்னோர் ஒரு கண்ணாடியே ஆகிறார். இருவரும் அதில் தம் முகத்தையே பார்க்கின்றனர்.

அப்படியானால் அந்த மனிதரைப் பார்ப்பது எவ்வாறு?

நம் மதரஸாக்களில் ஹதீஸ் பயிலும் மாணவன் முதலில் கற்பது ஐயம் கொள்ளும் முறையை. ஒரு செய்தி வந்தால், சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவருடைய நினைவாற்றல் எத்தகையது, அவருக்கு இதில் சொந்த நலன் உண்டா என்று அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொரு கண்ணியாக ஆராய்வோம். இதற்கென்றே ஆயிரக்கணக்கான மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை முன்னோர் தொகுத்து வைத்தனர். இந்த அளவுகோலைத் தீவாந்தரக் கைதியின் பதிவேட்டுக்கும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். அங்கே அறிவிப்பாளர் ஒருவரே. பிடித்தவரும் அவர், விசாரித்தவரும் அவர், தண்டித்தவரும் அவர், எழுதி வைத்தவரும் அவர். கைதி பேசிய மொழி எழுதியவருக்குத் தெரியாது. பெயரைக்கூடக் காதில் விழுந்தவாறே எழுதினர். வெல்ஷ் தமக்கு வளரி கற்பித்த சின்ன மருதுவையே 'சீனா மர்டூ' என்றுதான் எழுதுகிறார். ஆசானின் பெயருக்கே இந்த நிலை என்றால், முகமறியாத நெசவாளிக்கும் உழவனுக்கும் என்ன நேர்ந்திருக்கும்!

கற்றவர் ஒருவர் தண்டிக்கப்பட்டால் அவர் தம் சொல்லை விட்டுச் செல்லுவார். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் அந்தமானுக்கு அனுப்பப்பட்டு 1861-இல் அங்கேயே மறைந்த மௌலானா ஃபழ்லுல் ஹக் கைராபாதி, சிறையிருந்தபடியே அக்கிளர்ச்சியைப் பற்றி அரபு மொழியில் எழுதினார். ஆகவே அரசின் பதிவேட்டுக்கு எதிரே வைக்க அவருடைய சாட்சியமும் நமக்கு உண்டு. எழுத்தறியாத கைதிக்கு அத்தகைய சாட்சியம் இல்லை. அவருக்கு எஞ்சியிருப்பது பிறர் கையெழுத்தில் ஒரு வரியும், வீட்டார் நெஞ்சில் ஒரு நினைவும் மட்டுமே. வீட்டாரும் வாய்மூடிவிட்டால் அந்த ஒரு வரியே அவருடைய முழு வாழ்வாகிவிடும்.

இப்படிச் சொல்லுவதால், தண்டிக்கப்பட்டோர் அனைவரும் குற்றமற்றவர் என்று நான் வாதாடவில்லை. ஒற்றை அறிவிப்பாளர் சொன்னதாலேயே ஒரு செய்தி பொய்யாகிவிடாது. அந்த மனிதர் மெய்யாகவே வழிப்பறி செய்திருக்கலாம். அவரால் ஒருவர் உயிரிழந்தும் இருக்கலாம். அவ்வாறாயின் அந்தக் கண்ணீருக்கும் ஒரு வீடு இருந்தது. அங்கும் ஒரு தாய் இருந்தாள். நம் முன்னோர் என்பதற்காக அந்த வீட்டை மறந்துவிட்டு இவரை வீரராக்கினால், ஓர் அநீதியைத் துடைக்கப் புறப்பட்டு மற்றோர் அநீதியைச் செய்தவர்கள் ஆவோம். எதைக் கண்டாலும் ஏற்கும் துணிவுடையவர்க்கே தேடும் உரிமை உண்டு.

தந்தையின் வாதத்துக்கு வருவோம். பிறர் குறையை மறைப்பது நற்பண்பு, இறந்தோரைப் பற்றி நல்லதையே சொல்லுதல் வேண்டும் என்பது அவர் வாதம். அது நம் மார்க்கத்தின் போதனையே. அதை நான் மறுக்கவில்லை. எனினும் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். குற்றத்தை மறைப்பது வேறு. மனிதனை மறைப்பது வேறு. அவர் செய்ததைச் சந்தியில் நின்று கூவாமல் இருப்பது முன்னது. அவர் பிறக்கவே இல்லை என்பதுபோல் வம்சாவளியிலிருந்து பெயரை எடுத்துவிடுவது பின்னது. முன்னது அவருக்குச் செய்யும் கருணை. பின்னது நமக்கு நாமே செய்துகொள்ளும் வசதி. ஒருவரின் பாவச்சுமை மற்றொருவர் தோளில் ஏறாது என்று நம்புகிற சமூகத்துக்குப் பாட்டனின் வழக்கைக் கண்டு நடுங்க வேண்டிய தேவை என்ன?

கும்பினியாட்சியில் ஆயுள் தண்டனைக் கைதியின் நெற்றியில் அவன் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் இருந்தது. வங்காளத்தில் 1797-இலும் சென்னை மாகாணத்தில் 1802-இலும் அது சட்டமாயிற்று. கொடுமை என்று கண்டு 1849-இல் அவர்களே அதை ஒழித்தார்கள். என் மாணவரின் முன்னோர் அதற்குப்பின் சென்றவராதலின் அந்த ஊசிக்குத் தப்பியிருப்பார். அரசு எழுதுவதை நிறுத்திய பிறகும் வீட்டார் எழுதுவதை நிறுத்தவில்லை. நெற்றியில் எழுதாமல் அவர் பெயர் இருந்த இடத்தில் எழுதினார்கள்.

சிவகாசிக்காரர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. லேபிள் என்பது பெட்டியின் மேல் ஒட்டுவது. அதில் சிங்கமும் இருக்கும், மயிலும் இருக்கும், தாமரையும் இருக்கும். உள்ளே இருப்பது குச்சியும் மருந்தும். லேபிளை அடிப்பவர் ஓர் ஊரில், பெட்டியை நிரப்புபவர் மற்றோர் ஊரில். 'கைதி' என்பதும் ஒரு லேபிளே. எங்கள் விருதுநகர் பெற்ற காமராசர் மீதும் அந்த லேபிள் ஒட்டப்பட்டது. 1930-இல் உப்பு அறப்போருக்காகவும் 1942 முதல் 1945 வரை ஆகஸ்ட் கிளர்ச்சிக்காகவும் அவர் சிறையிலிருந்தார். வழக்கு நாட்டுக்கானது என்பதால் லேபிளை மீறி உள்ளே இருந்தவரைக் கண்டோம். வழக்கு வயிற்றுக்கானது என்றால் மட்டும் லேபிளோடு நின்றுவிடுகிறோம்.

அந்த வயிற்று வழக்குக்காரர்கள் கடலுக்கப்பால் என்ன செய்தார்கள் என்பதையும் அறிதல் நன்று. 1825 முதல் சிங்கப்பூரில் இந்தியக் கைதிகள் சதுப்பைத் தூர்த்தார்கள், சாலை போட்டார்கள், செங்கல் சுட்டார்கள். அங்கே இன்றும் வெண்மையாக நிற்கும் புனித அந்திரேயர் பேராலயம், 1856-க்கும் 1861-க்கும் இடையே அவர்கள் உழைப்பில் எழுந்தது. அதன் சுவர்ப்பூச்சு சென்னைச் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்து, பளிங்குபோல் தேய்த்தெடுக்கும் நம்மூர்க் கைத்திறன் அது. 1873-இல் அங்கிருந்த கைதி முகாம் மூடப்பட்டபோது, எஞ்சிய கைதிகள் அந்தமானுக்கு மாற்றப்பட்டனர். முன்பே விடுதலை பெற்றிருந்தோருள் பலர் அந்த ஊர் மக்களோடு கலந்துவிட்டனர். அந்தச் சுவரைத் தேய்த்த கைகளுக்கு உரிய பெயர்களை எந்தச் சுவரிலும் எவரும் பொறிக்கவில்லை.

அவர் மறுபடி அங்கே மணந்திருக்கலாம். ஆனால் இங்கே விட்டுச்சென்ற மனைவி? நம் ஃபிக்ஹு நூல்களில் 'மஃப்கூத்' என்று ஒரு பாடம் உண்டு. இருக்கிறாரா இறந்தாரா என்று தெரியாமல் காணாமற்போனவரைப் பற்றிய சட்டம் அது. அவர் இறந்தார் என்று உறுதிப்படும்வரை அவருடைய சொத்தைப் பங்கிடக்கூடாது. அவரை உயிருடன் இருப்பவராகவே கொள்ளுதல் வேண்டும். மனைவி காத்திருக்க வேண்டிய காலம் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாலிகி மத்ஹபில் நான்கு ஆண்டுகள். ஹனஃபி மத்ஹபிலோ அவருடைய வயதொத்தவர்கள் எல்லாரும் மறையும் காலம்வரை. இளமையில் இந்தப் பாடத்தை ஓதியபோது இதைக் கணக்காகவே ஓதினேன். இப்போதுதான் அந்தப் பக்கத்தில் ஒரு பெண் வாசற்படியில் அமர்ந்திருப்பது எனக்குத் தெரிகிறது. சட்டம்கூடக் காணாமற்போனவனைக் கொல்ல விரும்பாமல் உயிரோடு வைத்துக் காக்கிறது. நாமோ வெட்கத்தின் பொருட்டு ஒரே நாளில் கொன்றுவிடுகிறோம்.

அடுத்த வெள்ளியன்று மாணவரின் இல்லத்துக்குச் சென்றேன். தந்தையாரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. குற்றத்தை மறைப்பது வேறு, மனிதனை மறைப்பது வேறு என்பதை மட்டுமே சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "எங்கள் பாட்டி ஒவ்வொரு ரமளானிலும் இருபத்தேழாம் இரவு வீட்டுப் பெரியவர்கள் பெயரைச் சொல்லி துஆ கேட்பார்கள், ஹஜ்ரத். எல்லாப் பெயரும் முடிந்தபின் குரலைத் தாழ்த்தி ஒரு பெயர் சொல்லுவார்கள். யார் என்று கேட்டால் கப்பலுக்குப் போனவர் என்பார்கள். அதற்குமேல் கேட்கவிடமாட்டார்கள். பாட்டி மவுத்தானபின் நாங்கள் அந்தப் பெயரைச் சொல்லுவதில்லை" என்றார். சொல்லி முடிக்கையில் அவர் குரல் தழுதழுத்தது.

மகன் வியப்புடன் தந்தையைப் பார்த்தார். "பெயர் உங்களுக்குத் தெரியுமா அத்தா?" என்று கேட்டார். தந்தை சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது அந்தக் குடும்பத்தின் உடைமை. மாணவர் சட்டைப்பையிலிருந்து பழைய தாளை எடுத்து விரித்தார். நாங்கள் போட்ட கணக்கின் உச்சியில், வெற்றிடமாக விட்டிருந்த கட்டத்தில், அந்தப் பெயரை எழுதினார்.

மகளின் நிக்காஹ் இனிதே நடந்தேறியது. மாப்பிள்ளை வீட்டாரிடம் தந்தையாரே இதைச் சொல்லிவிட்டார். அவர்கள் ஒரு கணம் யோசித்தபின், தங்கள் குடும்பத்திலும் ரங்கூனுக்குப் போய்த் திரும்பாத ஒருவர் உண்டு என்று பேசத் தொடங்கினார்களாம். மாணவர் விடுப்புக் கிடைக்கும்போது சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்வருகிறார். இதுவரை எதுவும் அகப்படவில்லை. அகப்படுவது நல்ல செய்தியாகவும் இருக்கலாம், கசப்பான செய்தியாகவும் இருக்கலாம். எதுவாயினும் ஏற்பதாகத் தந்தையும் மகனும் உறுதி கொண்டிருக்கின்றனர்.

வாசகர்களே! நம் வீடுகளிலும் இப்படிக் கப்பலுக்குப் போனவர்கள் இருக்கக்கூடும். தீவாந்தரத்துக்குப் போனவர், கடனுக்கு அஞ்சி ஊரைவிட்டுப் போனவர், பழியோடு போய்த் திரும்பாதவர் எனப் பலர். வழக்கைத் தீர்ப்பது நம் வேலை அன்று. அதற்குரிய நீதிபதி வேறு. அந்நியர் அவர்களை ஒருமுறை நாடுகடத்தினர். வீட்டிலிருந்தும் நாம் அவர்களைக் கடத்தாதிருப்போம். அடுத்த துஆவில் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லுவோம்.